அருளாயிக்கு அவஸ்தை

அந்தப் பேச்சுப் பிடிக்கிற பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைச்சு வையுங்க, சாமி. பைபிளையும் ஓரமா தள்ளி வையுங்க. சத்தியம் பண்ண மாட்டேன்னு சொல்லலை, பண்ணுறேன். பூசை முடிஞ்சு பெரிய சாமியார்கள் மூணு பேரும் காப்பி குடிச்சிட்டு வரட்டும். அவங்க எதிரிலேயே கையை வச்சுப் பண்ணுறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

இதைப் பாவசங்கீர்த்தனமா, பாவமன்னிப்புக் கொடுக்கிற மாதிரி, கேட்டுடுங்களேன்னு நேத்தே உங்களைக் கேட்டேன். சிரிச்சீங்க. "சாட்சி சொல்ல வந்தவர்கிட்ட நான் பாவசங்கீர்த்தனம் கேக்கக் கூடாது, தாத்தா"ன்னுட்டீங்க. கெட்டிக்காரர்தான். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை நீங்க வாயைத் திறந்து சொல்ல முடியாது, எழுதவும் முடியாது. எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கின மாதிரியும் இருக்கும், ஊருக்குத் தெரியாத மாதிரியும் இருக்கும்னு நினைச்சேன். எண்பத்தஞ்சு வயசுல இவ்வளவு தந்திரம்தான் மிச்சம்.

சாட்சியை எழுதிக்க நீங்களும், விசாரிக்க அந்தப் பெரிய சாமியார்களும் வந்திருக்கிறது எங்க முடியப்பர் சாமிக்காக. இந்தப் பங்குல இருபத்தாறு வருஷம் சாமியாரா இருந்து, இந்த மண்ணிலேயே அடங்கினவர். அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுக்கலாமான்னு மேற்றிராணியார், உங்க வாயில ஆயர், விசாரணை வச்சிருக்கார். நீங்க இப்ப புனிதர்னு லேசா சொல்லிடுறீங்க. எங்க காலத்துல அர்ச்சியசிஷ்டர். அதை வாயில நுழைக்கவே ஒரு புண்ணியம் வேணும். விசாரணைக்கு எழுதி அனுப்பினதுல முதல் புதுமை, அதான் அற்புதம், என்ன? கொள்ளிடத்து வெள்ளத்துல சாமி தண்ணி மேல நடந்துபோய், சாகக் கிடந்த அருளாயிக்கு அவஸ்தை பூசிட்டு வந்தது. கல்லறைகிட்ட படம் மாட்டியிருக்கே, பார்த்தீங்களா? ஆறு நுரைச்சுக்கிட்டுப் போகுது, சாமி செருப்பு நனையாம நடக்குறார். ஓவியக்காரன் நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். என்ன, சாமி ஆயுசுக்கும் செருப்புப் போட்டதில்லை.

அதுக்கு ரெண்டு சாட்சி. ஒண்ணு, அருளாயி மக செபஸ்தியம்மா. எழுபத்திரண்டு வயசு. வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டுக் கோயில்ல முதல் வரிசையில உக்காந்திருக்கே, அதுதான். இன்னொண்ணு நான், சந்தியாகு. அப்ப நான் இந்தக் கோயிலுக்குக் கோயில்பிள்ளை. மணி அடிக்கிறது, திரி ஏத்துறது, பூசை உடுப்பு எடுத்து வைக்கிறது, சாமி அவஸ்தைக்குக் கிளம்பினா எண்ணெய்ச் சிமிழைத் தூக்கிக்கிட்டு முன்னாடி போறது, எல்லாம் என் வேலை.

அந்தப் புதுமை பொய், சாமி. அதைக் கட்டினவன் நான்.

எழுந்திருக்காதீங்க. உக்காருங்க. முழுசா கேட்டுட்டு எழுந்திருங்க.

என்னை ஊர்ல புளுகுச் சந்தியாகுன்னுதான் கூப்பிடுவாங்க. தப்பில்லை. சாம்பல் புதன் அன்னைக்குக் கொள்ளிடத்துலேர்ந்து முதலை ஒண்ணு கரையேறி வந்து, கோயில் வரிசையில கடைசி ஆளா நின்னு, நெத்தியில சாம்பல் வாங்கிக்கிட்டுத் திரும்பிப் போச்சுன்னு சொல்லியிருக்கேன். தவக்காலம் நாப்பது நாளும் அது மீனைத் தவிர வேற எதையும் தொடலைன்னும் சொல்லியிருக்கேன். உறுதிபூசுதல் கொடுக்க வந்த மேற்றிராணியாரோட தொப்பியைக் காத்து அடிச்சுக்கிட்டுப் போய், அதுல கொக்கு மூணு முட்டை போட்டு வச்சிருந்ததுன்னும் சொல்லியிருக்கேன். முடியப்பர் சாமி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பார். "டேய் சந்தியாகு, உன் பொய்க்கு மட்டும் நான் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காந்தா, ஊர்ல ஒருத்தனுக்கும் பூசை கிடைக்காதுடா"ன்னுவார். அதெல்லாம் சிரிக்கிறதுக்குச் சொன்ன பொய். அதுல யாரும் சாகலை.

இப்ப நீங்க நோயில்பூசுதல்னு சொல்றீங்களே, அதுக்கு எங்க காலத்துல அவஸ்தைன்னு பேரு. சாகப்போறவங்களுக்கு எண்ணெய் பூசி மோட்சத்துக்கு அனுப்புறது அவஸ்தை. வயித்துவலி வந்தாலும் அவஸ்தை. கடைசி பஸ்ஸை விட்டுட்டு நின்னாலும் அவஸ்தை. சொல்லு ஒண்ணுதான். சொல்றவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் எதுன்னு கண்டுபிடிக்கணும்.

அம்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மாசம். எட்டு நாளா மழை. ஆத்துக்கு நடுவுல ஒரு மணல்திட்டு இருக்கு, பதினாலு வீடு, எல்லாம் நம்ம வேதக்காரங்க. கரைக்கும் திட்டுக்கும் நடுவுல அன்னைக்குத் தண்ணி எப்படிப் போச்சு தெரியுமா? மரம் வேரோட போகுது. வைக்கப்போர் ஒண்ணு முழுசா போகுது, அது மேல சேவல் ஒண்ணு நின்னு கூவிக்கிட்டுப் போகுது. இல்லை சாமி, இது புளுகு இல்லை, நிஜமாவே சேவல்.

காலையில எட்டு மணி இருக்கும். திட்டு ஓரத்துல இன்னாசின்னு ஒருத்தன் நின்னு, துண்டை வீசி வீசிக் கத்துறான். நான் இந்தக் கரையில நிக்கிறேன். தண்ணிச் சத்தத்துல பாதி காதுல விழுது, பாதி விழலை. "அருளாயிக்கு அவஸ்தை! அருளாயிக்கு அவஸ்தை!" அவ்வளவுதான் கேட்டுச்சு.

ஓடினேன். சாமி பங்களா வாசல்ல உக்காந்து செபப் புத்தகம் படிச்சுக்கிட்டிருந்தார். "சாமி, திட்டுல அருளாயிக்கு அவஸ்தையாம்"னேன். புத்தகத்தை மூடிட்டார். "அவஸ்தைன்னா? அவஸ்தைப் பூசுதலா, சும்மா அவஸ்தையா?"ன்னு கேட்டார்.

நான் சொன்னேன், "சும்மா அவஸ்தைதான், சாமி. வயித்து உப்புசம். சுக்குத் தண்ணி குடிச்சா சரியாயிடும்"னு.

ஏன் அப்படிச் சொன்னேன்? சாமியைக் காப்பாத்தத்தான். சாமிக்கு அன்னைக்குக் காய்ச்சல். காய்ச்சலோட அந்தத் தண்ணியில இறங்கினா என்ன ஆகும்? இந்தப் பங்குக்கு வேற சாமியார் கிடைப்பாரா? ஒரு கிழவிக்காக... கிழவி இல்லை, அருளாயிக்கு அப்ப அம்பதுகூட ஆகலை. சரி. ஒரு பொம்பளைக்காகப் பங்குச் சாமியாரையே ஆத்துல விடச் சொல்றீங்களா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

பரிசல் யார் தள்ளுவாங்கன்னா கேக்குறீங்க?

நான்தான் தள்ளணும். பரிசல் தள்ளத் தெரிஞ்சவன் இந்தக் கரையில அன்னைக்கு நான் ஒருத்தன்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, சாமி. சாமிக்குக் காய்ச்சல்னு சொன்னேனே. காய்ச்சல்னா... தும்மினார். ரெண்டு தும்மல். தும்மல்லதானே காய்ச்சல் ஆரம்பிக்கும்?

சாமி கொஞ்ச நேரம் என் மூஞ்சியைப் பார்த்தார். அப்புறம் எழுந்து உள்ள போயிட்டார். நான் மணிக்கூண்டுல ஏறிப் படுத்துக்கிட்டேன். ஆத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன். காதுக்குள்ள துண்டை வச்சுக்கிட்டேன். குளிரு.

பன்னெண்டு மணி சுமாருக்கு இறங்கிக் கரைக்கு வந்தா, இன்னாசி அதே இடத்துல நிக்கிறான். இப்ப துண்டு வீசலை, தலையில போட்டிருக்கான். "அருளாயி போயிட்டாய்யா, மணி அடி"ன்னான். அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

நான் அடிக்கணும். என் வேலை அதுதான். பொம்பளை செத்தா அடிக்கிற துக்க மணிக்கு ஒரு கணக்கு இருக்கு. பாதி அடிச்சேன். கை வரலை. சாமி மழையில வந்தார், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தார். என் கையிலேர்ந்து கயித்தை வாங்கி மீதி மணியை அவரே அடிச்சார். யாருக்குன்னு கேக்கலை. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

மூணாம் நாள் தண்ணி வடிஞ்சுது. பிணத்தைத் திட்டுலேயே புதைச்சுட்டாங்க. குழியை மந்திரிக்கச் சாமியைப் பரிசல்ல கூட்டிக்கிட்டுப் போனேன். பரிசல் கரை தட்டுனதும் நான் முதல்ல குதிச்சு இழுத்துப் பிடிச்சேன். செபஸ்தியம்மா ஓடி வருது. பத்தொம்பது வயசுப் பொண்ணு, மூணு நாள் அழுத மூஞ்சி. நேரா என்கிட்ட வந்து, "கோயில்பிள்ளையண்ணே, என் ஆத்தா அவஸ்தை அவஸ்தைன்னு கேட்டுக்கிட்டே கிடந்துச்சேண்ணே. சாமி ஏன் வரலை? பூசாம செத்துப்போச்சே, என் ஆத்தா எங்க போயிருக்கும்?"னு கேக்குது.

எங்க போயிருக்கும்னு கேக்குது, சாமி. நீங்க இப்ப அதெல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார்னு சமாதானம் சொல்லுவீங்க. அந்தக் காலத்துல அவஸ்தை இல்லாமச் செத்தா ஒரே பதில்தான். அது வாயால வரக் கூடாத பதில்.

என் வாய் சும்மா இருக்குமா? "யாரு சொன்னா வரலைன்னு? சாமி வந்தாரே! நீ எங்கேயாவது வெளியில போயிருப்ப"ன்னேன்.

"நான் இன்னாசி மாமாகிட்ட ஓடினேன். சாமி வராரான்னு பார்த்துட்டு வரலாம்னு. வந்து பார்த்தா மூச்சு இல்லை."

"அப்பத்தான் வந்தார். பூசிட்டு உடனே திரும்பிட்டார். பரிசல் ஏது அன்னைக்கு? தண்ணி மேலேயே நடந்து வந்தார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வேணும்னா சொல்லு, ஆத்தா நெத்தி எண்ணெயில மினுமினுன்னு இருந்துச்சா இல்லையா?"

பொம்பளை தலைக்கு எண்ணெய் தேய்க்காமலா இருந்திருப்பா, நெத்தியில வழியாமலா இருக்கும்? குருட்டடிதான் அடிச்சேன். அந்தப் பொண்ணு, "ஆமாண்ணே, மினுமினுன்னு இருந்துச்சு"ன்னுது. அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பரிசல்லேர்ந்து இறங்கின சாமி கால்ல விழுந்துச்சு. திட்டுச் சனமே விழுந்துச்சு. சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்தப் படத்துலயும் பார்த்ததில்லை. அப்புறம் குனிஞ்சு அந்தப் பொண்ணு தலையில கையை வச்சார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல சாமி சொன்னார், "நான் தண்ணி மேல நடக்கலை. என் கால்ல விழாதீங்க." சனம் என்ன பண்ணுச்சு? "பாரு, எவ்வளவு தாழ்ச்சி"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிச்சு. அதுக்கடுத்த ஞாயிறும் சொன்னார், கோபமாச் சொன்னார். "தாழ்ச்சி மட்டுமா, கோபத்துலகூட மறைக்கிறார் பாரு." மூணாவது ஞாயிறு சொன்னப்ப பக்கத்துப் பங்குலேர்ந்து மாட்டுவண்டி கட்டிக்கிட்டு ஆள் வந்துடுச்சு. அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கலை.

அதுக்கப்புறம் பதினேழு வருஷம் இருந்தார். அவஸ்தைங்கிற சொல்லு காதுல விழுந்தாப் போதும், எழுந்துடுவார். எந்த அவஸ்தைன்னு கேக்க மாட்டார். சோத்துல கை வச்சிருந்தாலும் உதறிட்டு எழுந்துடுவார். ஒருதடவை பெருமாள்னு ஒரு இந்து, "மாடு கன்னு போட முடியாம அவஸ்தைப்படுது சாமி"ன்னு வழியோட போறவன் சும்மா சொன்னான். சாமி சிமிழைத் தூக்கச் சொல்லிட்டார். ரெண்டு மைல் வெயில்ல போனோம். போய், சட்டை கையை மடிச்சுக்கிட்டு அவனோட சேர்ந்து கன்னுக்குட்டியை இழுத்துப்போட்டுட்டு வந்தார். காலராவுல ஒரு தெருவே பயந்து ஓடினப்ப உள்ள போனவர் அவர் ஒருத்தர்தான். அதெல்லாம் நிஜம். அதுக்கெல்லாம் நான் கையை அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன். ஒவ்வொரு இடத்துக்கும் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். வேற ஆள் வச்சுக்கலாமில்லையா? வைக்கலை. எனக்கு முட்டி தேய்ஞ்சுது.

எனக்கு அவர் மேல ஒரு மனத்தாங்கல் உண்டு, சாமி. சொல்லிடுறேன். பதினேழு வருஷத்துல ஒரு நாளாவது "போகுதுடா, மன்னிச்சேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லையா? சொல்லலை. சனிக்கிழமை தவறாம நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். சாராயம் குடிச்சது, பொண்டாட்டியைத் திட்டினதுன்னு வரிசையாச் சொல்லுவேன். முடிச்சதும் அந்தக் கிராதிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேப்பார், "வேற ஏதாவது இருக்கா, சந்தியாகு?" "இல்லை, சாமி." மூட்டைப்பூச்சி ஊர்ற சத்தம்கூடக் கேக்கும். அப்புறம், "நல்லா யோசிச்சுப் பாரு." "இல்லை, சாமி." எல்லாரையும் அப்படிக் கேக்க மாட்டார். என் பொண்டாட்டிகிட்ட விசாரிச்சேன், அவளைக் கேட்டதே இல்லையாம். என்னை மட்டும் ஏன் அப்படி அரிக்கணும்? சாகக் கிடந்தப்பவும், பக்கத்துப் பங்குச் சாமியாரை நான்தான் சைக்கிள்ல போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன், அவருக்கு அவஸ்தை பூசி முடிச்ச பிறகு என் கையைப் பிடிச்சு இழுத்து அதையேதான் கேட்டார். இல்லைன்னேன். கையை விடலை. அவர் கை ஜில்லுனு ஆனப்புறம் நாங்கதான் பிரிச்சு எடுத்தோம்.

சரி, இன்னைக்குக் காலையில நடந்ததுக்கு வரேன்.

பைபிள் மேல கை வைக்கணும்னு நீங்க சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. விடிஞ்சதும் செபஸ்தியம்மா வீட்டுக்குப் போனேன். வாசல் கூட்டிக்கிட்டிருந்துச்சு. "என்ன அண்ணே, சாட்சிக்குப் புதுச் சட்டையா?"ன்னுது. உக்காந்து சொல்லிட்டேன். "தாயி, சாமி தண்ணி மேல நடந்ததை நான் பார்க்கலை. அது நான் கட்டின கதை. நீ அழுதியேன்னு கட்டினேன்."

விளக்குமாத்தைச் சாத்தி வச்சுச்சு. கத்தும், சாபம் விடும்னு பார்த்தேன். சிரிச்சுச்சு, சாமி. "நீ எதைத்தான் பார்த்த? முதலையையா பார்த்த?"ன்னுது. அப்புறம் மெதுவா, "நீ பார்க்கலைன்னா என்ன? நெத்தியில எண்ணெய் இருந்துச்சே"ன்னுது.

"நீ தலைக்குத் தேச்ச எண்ணெயா இருக்கும், தாயி."

"எட்டு நாள் மழை. விளக்குக்கே எண்ணெய் இல்லாம நாலு நாளா இருட்டுல கிடந்தோம். தலைக்கு எங்கேர்ந்து தேய்க்கிறது? திட்டுலேயே ஒரு சொட்டு இல்லை அண்ணே."

அம்பத்து மூணு வருஷமா அது தலை எண்ணெய்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அப்ப அது என்ன எண்ணெய்? சாமி அன்னைக்கு உள்ள போனாரே, எங்க போனார்? நான் ஆத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தேன். மணி அடிச்சப்ப நனைஞ்சு வந்தார். மழையில யார்தான் நனையலை? யாருக்கு மணின்னு ஏன் கேக்கலை? "நான் தண்ணி மேல நடக்கலை"ன்னுதான் பிரசங்கத்துல சொன்னார். போகலைன்னு சொன்னாரா? எத்தனை தடவை நினைச்சுப் பார்த்தாலும், நடக்கலைன்னுதான் காதுல விழுது. சாமிக்கு நீச்சல் தெரியாது. தெரியாதுன்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இல்லை, செபஸ்தியம்மாதான் பொய் சொல்லுதோ? சாமி பட்டம் என்னால கெட்டுடக் கூடாதுன்னு? ஊர்ல பொய் சொல்றவன் நான் ஒருத்தன்தான்னு இத்தனை நாள் ஒரு பெருமை இருந்துச்சு. அதுவும் போச்சு.

அங்கேயே எனக்கு ஒரு வழி தெரிஞ்சுது, சாமி. நல்ல வழி. இங்க வந்து, "பார்த்ததா ஞாபகம் இல்லை, வயசாச்சு"ன்னு சொல்லிடலாம். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. சாமிக்குப் பட்டம், செபஸ்தியம்மாவுக்கு ஆத்தா மோட்சத்துல, எனக்கும் நரகம் இல்லை. சந்தோஷமா எழுந்தேன். அப்பத்தான் அது என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிச்சு.

"அண்ணே, சாமி நடந்து வந்தாரோ, பறந்து வந்தாரோ, எனக்கு அது வேணாம். நீ ஓடிப்போய்ச் சொன்னதாலதானே அவருக்குத் தெரிஞ்சுது? நீ சொல்லலைன்னா எப்படி வந்திருப்பார்? அன்னைக்குலேர்ந்து படுக்கப் போறப்ப மாதாகிட்ட உனக்குன்னு ஒரு அருள்நிறை மந்திரம் தனியாச் சொல்றேன். ஒரு நாள் விட்டதில்லை"ன்னுது. சொல்லிட்டு என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிச்சு.

அம்பத்து மூணு வருஷம், சாமி. ஒரு நாள் விட்டதில்லையாம்.

காப்பிக் கிளாஸ் சத்தம் கேக்குது. பெரிய சாமியார்கள் எழுந்துட்டாங்க போல. சாமி வந்தாரா, வரலையா, அது என்ன எண்ணெய், அதையெல்லாம் படிச்ச அவங்க கண்டுபிடிச்சுக்கட்டும். எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் நான் கூப்பிட்டு வரலை. சாகப்போறவ கேட்டதை உப்புசம்னு சொல்லித் தடுத்தவன் நான். தண்ணிக்குப் பயந்தவன் நான், சாமி இல்லை. சத்தியம் பண்ண என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்.

செபஸ்தியம்மாவை உள்ள கூப்பிடுங்க. நான் பேசுறப்ப அது பக்கத்துல இருக்கணும். அதுக்கு இடது காது கேக்காது, என் வாய்க்கு நேரா வலது காது வர்ற மாதிரி நாற்காலியைப் போடுங்க. கேக்கலைன்னு திருப்பிக் கேட்டுடப் போகுது. ஒரு தடவைதான் என்னால சொல்ல முடியும்.